மட்டக்களப்பு வாவியும் ஆற்றுவாயும்

இமயம் போன்ற உயர்மலைகளில் குளிர்காலத்தில் உறையும் பனி, வேனிலில் மெல்ல உருகி ஆறுகளை நிறைக்கின்றது. அந்நீரோட்டத்தை அனுசரித்தே அங்கு மீன்வளமும் அமைகின்றது. பனிமலையற்ற கிழக்கிலங்கையில் வடகீழ்ப் பருவமழையே அந்த இடத்தை வகிக்கின்றது. அம்மழைநீரைத் தேக்கிவைப்பவை உன்னிச்சை, நவகிரி முதலிய குளங்கள். அவை நிறைந்து வழியும் நீர், ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவியை வந்தடைகின்றது.

வாவி கடலோடு கலக்கும் பாலமீன்மடு, பெரியகல்லாறு முகத்துவாரங்களைக் கோடையில் மணற்றிட்டு அடைத்துவிடுவதுண்டு. மாரியில் நீர்மட்டம் உயர, தாழ்நிலப் பெரும்போக வயல்கள் மூழ்குகின்றன. ஆற்றுவாயை உடனே வெட்டுமாறு விவசாயிகள் கோருகின்றனர். மீனவர் கணக்கோ வேறு. இறால் கடலில் முட்டையிடும். அதன் குஞ்சுகள் முகத்துவாரத்தினூடாக வாவிக்குள் வந்து வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்பும். ஆற்றுவாய் திறவாதிருந்தால் இவ்வரவு தடைப்படும். காலந்தவறித் திறந்தால் வளராத இறாலும் மீனும் வெள்ளத்தோடு கடலுக்குப் போய்விடும்.

ஒருவரது வயலும் மற்றவரது வலையும் ஒரே நீரை நம்பியிருக்கின்றன. இதில் தமிழர், முஸ்லிம்கள் என்ற வேறுபாடில்லை. எனவே, நீர்மட்டத்தையும் பயிரின் பருவத்தையும் இறாலின் பருவத்தையும் ஒருங்கே நோக்கி, இரு சாராரையும் அழைத்துப் பேசிய பின்னரே ஆற்றுவாய் வெட்டும் நாளை அதிகாரிகள் தீர்மானித்தல் வேண்டும்.