கம்பி வந்தது, கவனிக்க ஆள் வந்தாரா? கேமரன் மலைத் தோட்டப் பள்ளியும் பிணைய சுவிட்சும்



சில ஆண்டுகளுக்கு முன் கேமரன் மலையில் நான் பணியாற்றிய தோட்டப் பள்ளியில் ஒரு திங்கட்கிழமை காலை. கணினி அறையிலிருந்து ஒரு பையன் ஓடி வந்தான். "சார், லைன் இல்ல சார், எல்லா கம்ப்யூட்டரும் படுத்துருச்சு!" மழை, மூடுபனி, மின்வெட்டு என்று எல்லாவற்றின் மேலும் பழி போட்டுப் பார்த்தோம். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் விஷயம் புரிந்தது. சனிக்கிழமை நடந்த கோத்தோங் ரோயோங்கில், தரையில் கிடந்த ஒரு கம்பியின் முனையை யாரோ ஒருவர் "பார்க்க அழகா இல்லையே" என்று எடுத்து, சுவிட்சில் காலியாக இருந்த ஓட்டையில் செருகிவிட்டார். அந்தக் கம்பியின் மறுமுனையும் அதே சுவிட்சில்தான் இருந்தது. அவ்வளவுதான், பள்ளி முழுவதும் முடங்கிப்போனது. அவர் செய்தது தப்பு என்று சொல்ல மாட்டேன். எந்தக் கம்பி எங்கே போகிறது என்று நாங்கள் யாருமே எழுதி வைக்கவில்லை.

இந்தச் சின்னச் சம்பவத்துக்குப் பின்னால் நூறாண்டு வரலாறு இருக்கிறது.

கூரை வந்தது

1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மலைப்பகுதிக்கு வந்தார். 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்து, சரிவில் செடி நட்டு, கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் முன்னோர்.

அப்போது பகாங், கூட்டு மலாய் மாநிலங்களில் ஒன்று. அங்கே 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் நடப்பில் இருந்தது. 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது அந்தச் சட்டம். கூரை வந்தது. ஆனால் பயிற்சி பெற்ற ஆசிரியர் எல்லா இடத்துக்கும் வரவில்லை. மலாயாத் தோட்டங்கள் பலவற்றில் கிராணியோ, கங்காணியோ, எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு தொழிலாளியோதான் வாத்தியார். பள்ளியைக் கட்டச் சொன்ன சட்டம், அதைத் தரமாக நடத்தும் வழியைச் சொல்லவில்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; இதே கதை பிறகு இன்னொரு வடிவத்தில் வருகிறது.

கம்பி வந்தது

1973-இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வு நிலையத்தில் ராபர்ட் மெட்காஃப் ஈதர்நெட் என்ற முறையை முன்வைத்தார். பல கணினிகள் ஒரே கம்பியைப் பகிர்ந்து பேசும் முறை அது. இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் பேசினால் தகவல்கள் மோதிக்கொள்ளும். இரண்டும் சற்றுப் பொறுத்து மறுபடி அனுப்ப வேண்டும். பெரட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினால் யார் பெயர் கூப்பிட்டார்கள் என்று தெரியாதல்லவா, அதுபோலத்தான்.

இந்தக் குழப்பத்தைத் தீர்த்தது சுவிட்ச். இந்திய வம்சாவளியினரான வினோத் பரத்வாஜ் இணைந்து தொடங்கிய கல்பனா என்ற நிறுவனம், 1990-இல் 7 போர்ட் கொண்ட ஈதர்நெட் சுவிட்சை வெளியிட்டது. வந்த தகவலை எல்லாருக்கும் அனுப்பாமல், உரியவருக்கு மட்டும் அது அனுப்பியது. 1994-இல் சிஸ்கோ அந்த நிறுவனத்தை வாங்கிக்கொண்டது.

நம் நாட்டில் மிமோஸ் 1987-இல் ரங்கோம் என்ற கணினிப் பிணையத்தைத் தொடங்கியது. அதுவே பின்னர் ஜாரிங் ஆக வளர்ந்தது. 1996-இல் பல்லூடகப் பெருவழித் திட்டம் வந்தது. அதன் ஓர் அங்கமான விவேகப் பள்ளித் திட்டம் 1999-இல் எண்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் முன்னோட்டமாகத் தொடங்கியது. அடுத்து ஸ்கூல்நெட், 2011-இல் ஒன் பெஸ்தாரிநெட் ஒப்பந்தம் என்று திட்டங்கள் தொடர்ந்தன. இவை சுமார் 10,000 பள்ளிகளைக் குறிவைத்தவை. ஒன் பெஸ்தாரிநெட் 2019-இல் முடிவுற்றது.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோதுதான் இதன் அருமை எல்லாருக்கும் உறைத்தது. அந்த ஆண்டு சபாவில் ஒரு பல்கலைக்கழக மாணவி, அலைவரிசை கிடைக்க மரத்தின் மேல் ஏறித் தேர்வு எழுதினார். மலைச்சரிவில் வாழும் பிள்ளைகளுக்கு இது வெறும் செய்தி அல்ல.

வட்டமும் சுழலும்

எங்கள் பள்ளியில் நடந்ததற்குப் பெயர் சுழல். ஒரு தகவல் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்து, மறுபடியும் கிளம்பி, நொடிக்கு நொடி பெருகும். இதைத் தடுக்கும் முறையை 1985-இல் ரேடியா பெர்ல்மன் என்ற பெண் பொறியாளர் உருவாக்கினார். சுழலாகும் பாதைகளில் ஒன்றை சுவிட்சே அடைத்து வைக்கும்; மற்றது அறுந்தால் திறந்துவிடும். விலை மலிவான சுவிட்சுகள் பலவற்றில் இந்த வசதி கிடையாது. எங்களிடம் இருந்தது அந்த வகைதான்.

2003-இல் சிஸ்கோ, ஸ்டாக்வைஸ் என்ற முறையைக் கொண்டுவந்தது. 9 சுவிட்சுகள் வரை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதற்கென்று உள்ள தனிக் கம்பியால் வட்டமாகப் பிணைக்கலாம். வட்டம் என்றால் சுழல் வராதா என்று கேட்கலாம். வராது, ஏனெனில் அடுக்கு முழுவதும் ஒரே சுவிட்சாக நடந்துகொள்கிறது. வட்டத்தில் ஒரு கம்பி அறுந்தால் வேகம் பாதியாகும், வேலை நிற்காது. இரண்டாவது கம்பியும் அறுந்தால் அடுக்கு இரண்டாகப் பிளந்து, இரு பாதியும் ஒரே முகவரியைச் சொந்தம் கொண்டாடும். அப்போதுதான் தலைவலி.

அடுக்குக்கு ஒரு தலைமை சுவிட்ச் உண்டு. நாம் கொடுக்கும் முன்னுரிமை எண் எதற்கு அதிகமோ அதுவே தலைமை. அது பழுதானால் இன்னொன்று பொறுப்பை எடுத்துக்கொள்ளும். தண்டல் வராத நாளில் அடுத்தவர் யார் என்று முதலிலேயே முடிவாகியிருந்தால் வேலை நிற்காது.

மூன்று நான்கு கட்டடங்களும் பல கணினி அறைகளும் உள்ள பெரிய பள்ளிக்குத்தான் அடுக்கு தேவை. சின்னத் தோட்டப் பள்ளிக்கு ஒரு நல்ல சுவிட்ச் போதும். ஆனால் பராமரிப்பு இரண்டுக்கும் ஒன்றுதான்:

- ஒவ்வொரு கம்பியின் இரு முனையிலும் பெயர்ச்சீட்டு ஒட்டுங்கள்.
- அமைப்பு விவரத்தைச் சேமித்து, ஒரு நகலை வெளியே வையுங்கள்.
- அடுக்கில் சேரும் எல்லா சுவிட்சிலும் ஒரே மென்பொருள் பதிப்பு இருக்கட்டும்.
- செப்புக் கம்பி 100 மீட்டரைத் தாண்டக்கூடாது. கட்டடம் விட்டுக் கட்டடம் போக ஒளியிழைக் கம்பியே நல்லது. இடியின் மின்தாக்கம் அதன் வழியே பரவாது.
- மலையில் ஈரம் அதிகம். சுவிட்சைச் சன்னலோரம் வைக்காதீர்கள். மின்தாக்கத் தடுப்பானும் மின்கலக் காப்பும் அவசியம்.

நம் பொறுப்பு

அன்று கூரை வந்தது, ஆசிரியர் வரவில்லை. இன்று கம்பி வந்தது, கவனிக்கும் ஆள் வரவில்லை. கணினி தெரிந்த ஓர் ஆசிரியர் மாற்றலாகிப் போனால், பள்ளியின் பிணைய அறிவும் அவரோடு மலையிறங்கிப் போய்விடுகிறது. நான் மாற்றலாகும்போது ஒரு 40 பக்க நோட்டுப் புத்தகத்தில் படம் வரைந்து, எந்தக் கம்பி எங்கே என்று எழுதி, அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். சுவிட்சை விட அந்த நோட்டுக்குத்தான் மதிப்பு அதிகம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

மாணவர் சிந்திக்க

1. 1923-ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குத் தந்தது என்ன, தரத் தவறியது என்ன?
2. ஹப், சுவிட்ச் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்குக. ஹப் என்பது, வந்த தகவலை எல்லாருக்கும் அனுப்பும் கருவி.
3. "வசதி செய்து தருவது வேறு, பேணுவது வேறு." இக்கூற்றை மலேசியப் பள்ளிகளின் பிணைய வரலாற்றைக் கொண்டு ஆராய்க.