கல்தூணிலிருந்து காவலூர் வழியாக

இன்றைய தியாகராய நகரின் பெரும்பகுதி மாம்பலம் ஏரியாகக் கிடந்த நாளில், 1792இல், அதற்கு வடக்கே நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு வானாய்வகம் கட்டியது. கப்பலுக்கும் நில அளவைக்கும் துல்லியமான நேரமும் தீர்க்கரேகையும் வேண்டியிருந்தன. கருவி அசையாமலிருக்க 15 அடி உயரக் கருங்கல் தூணை நட்டு, தமிழிலும் தெலுங்கிலும்கூட அதில் சேதி பொறித்தார்கள். அந்த வானாய்வகம் 1899இல் கொடைக்கானல் மலையேறி, பின்னாளில் பெங்களூரில் இந்திய வானியற்பியல் நிறுவனமாக நிலைபெற்றது. 2015இல் ஆஸ்ட்ரோசாட் விண்கலம் சுமந்து சென்ற புறஊதாத் தொலைநோக்கியும், 2023 செப்டம்பர் 2இல் ஆதித்யா-எல்1 விண்கலம் கொண்டுபோன ‘வெல்க்’ என்னும் சூரிய ஆய்வுக் கருவியும் அந்நிறுவனத்தின் பொறுப்பில் உருவானவை. வம்சாவளி உண்மைதான். ஆனால் கல்தூணிலிருந்து விண்கலத்துக்கு நேர்கோடு இழுத்தால் நடுவிலிருக்கும் பெரிய திருப்பம் கண்ணில் படாது. கருவி வாங்கிய நிறுவனம் கருவி செய்யும் நிறுவனமானது காவலூர்த் தொலைநோக்கியால்தான்.

சென்னையில் வானைப் பார்த்தவர்களுக்குக் குறைவில்லை. 1867இல் ஆர் ரெட்டிகுலி என்னும் மாறொளி விண்மீனைக் கண்ட சிந்தாமணி ரகுநாதாச்சாரி, திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்காக வாதாடியவரும்கூட. (பழைய வாக்கியப் பஞ்சாங்கக்காரர்கள் அவரை எப்படி வரவேற்றிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.) 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தை அவர் வனபர்த்தியிலிருந்து பார்த்தார். ஆனால் கண்ணும் கணக்கும் இங்கே இருக்க, கருவிகள் சீமையிலிருந்து வந்தன. பின்னாளில் கொடைக்கானல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த எவர்ஷெட் அங்கே தம் கையாலேயே கருவி கட்டவில்லையா என்று கேட்கலாம். கட்டினார், அது ஒரு மேதையின் கைத்திறன். 1923இல் அவர் ஓய்வுபெற்றபின் அங்கே கருவிப் பட்டறை ஒரு மரபாக வேர்விடவில்லை. 1960இல் கொடைக்கானல் ஆய்வகத்தின் பொறுப்பேற்ற வைணு பாப்புதான், ஜவ்வாது மலைக் காவலூரில் வைக்க வேண்டிய 2.34 மீட்டர்த் தொலைநோக்கியின் கண்ணாடியை நிறுவனத்தின் பட்டறையிலேயே தேய்த்து மெருகேற்றத் துணிந்தார். 1982இல் அவர் மறைந்தார். தொலைநோக்கி 1986 ஜனவரியில் திறக்கப்பட்டது.

கண்ணாடி வட்டு ஜெர்மனியிலிருந்துதானே வந்தது, ஆஸ்ட்ரோசாட் தொலைநோக்கியின் ஒளியுணர்விகளுக்குக் கனடாவின் கை வேண்டியிருந்ததே என்பது நியாயமான மறுப்பு. வெல்க்கிலும் இஸ்ரோவின் பங்கு பெரிது. தன்னந்தனியாகச் செய்தோம் என்பது என் வாதமல்ல. ஒளியின் அலைநீளத்தில் சிறு பங்களவு பிசகைக்கூட அளந்து திருத்தும் பொறுமை உள்ளூரில் இருந்ததா என்பதே கேள்வி. வெல்க் ஆராயும் கொரோனா, அதாவது சூரியனின் வெளிமண்டலம், சூரிய வட்டின் ஒளியில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். கண்ணாடியில் ஒரு தூசி, ஒரு கீறல் இருந்தாலும் சிதறும் ஒளி அதை விழுங்கிவிடும். வெல்க்கில் வட்டின் ஒளி இரண்டாம் கண்ணாடியின் நடுத்துளை வழியே வெளியே தள்ளப்படுகிறது. மிச்சமுள்ள மங்கலொளிதான் ஆய்வுக்குப் போகிறது. பெங்களூரை அடுத்த ஹொஸ்கோட்டையில், தூசியை அண்டவிடாத கூடத்தில் வைத்துப் பூட்டிச் சோதித்த கருவி இது. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் அதைப் பழுதுபார்க்க எவரும் போக முடியாது. அதனால் பிழையெல்லாம் தரையிலேயே பிடிபட்டாக வேண்டும். காசு கொடுத்துக் கருவி வரவழைத்த காலத்தில் அந்தத் தலைவலி விற்றவருடையதாக இருந்தது.