ஒரு மீன்கடை நடந்த தூரம்

சென்னையில் சாந்தோம் தேவாலயத்துக்குப் பின்புறம், கடலை ஒட்டி ஓடுகிறது லூப் ரோடு. அங்கே மீன்கடை என்றால் ஒரு பலகை, ஐஸ் பெட்டி, தராசு, வெயிலுக்கு ஒரு பெரிய குடை என்றுதான் இருந்தது. பலகையில் வஞ்சிரம், சங்கரா, கூறு கூறாக நெத்திலி. நொச்சிக்குப்பத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக நடத்தும் கடை இது. மணலிலிருந்து கூரைக்குள் போய்ச் சேர அது நடந்த தூரம் மிகக் குறைவு. எடுத்துக்கொண்ட காலமும் பட்ட பாடும் அப்படியல்ல.

முதலில் கடை மணலில் இருந்தது. கட்டுமரம் கரையேறிய இடத்திலேயே ஏலம், அங்கேயே விற்பனை. 1985-ல் எம்.ஜி.ஆர். அரசு மெரினாவை அழகாக்கப் போவதாகச் சொல்லிக் கட்டுமரங்களையும் வலைகளையும் அப்புறப்படுத்த முனைந்தது. குப்பத்து மக்கள் எதிர்த்து நின்றார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் செத்தார்கள். அதே ஆண்டு ஜூலையில்தான் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம், பிழைப்புக்கான உரிமை உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று சொல்லியிருந்தது. அந்தச் சொல்லுக்குக் கடற்கரையில் மதிப்பிருக்கவில்லை.

அப்புறம் மணலை ஒட்டிச் சாலை வந்தது, கடை சாலையோரக் கடையானது. சாலைதான் எங்களிடம் வந்தது, நாங்கள் சாலைக்குப் போகவில்லை என்று மீனவர்கள் சொல்வார்கள். இந்தப் பிரச்சினையின் மையமே அதுதான் என்று நான் நினைக்கிறேன். காரில் போகிறவருக்குக் கடை ஆக்கிரமிப்பாகத் தெரிகிறது. கடையில் உட்கார்ந்திருப்பவருக்குக் கார்தான் புதிதாக வந்தது.

2023 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் போக்குவரத்து நெரிசலைக் காட்டித் தானாகவே வழக்கை எடுத்தது. கடைகளை அகற்ற உத்தரவு வந்ததும் மாநகராட்சி பொக்லைனோடு இறங்கியது. குப்பத்தார் மீனைச் சாலையில் கொட்டி, படகுகளைக் குறுக்கே போட்டு மறித்தார்கள். அது நடந்த வாரத்தைக் கவனிக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. காசிமேட்டுத் துறைமுகத்து விசைப்படகுகள் கரையில் கிடக்க, நொச்சிக்குப்பத்துச் சின்ன ஃபைபர் படகுகள் கொண்டுவரும் மீனுக்கு நல்ல விலை கிடைக்கும் காலம் அது. ஆண்டு முழுக்கப் பட்ட கடனை அடைக்கிற நாட்களில் கடையைப் பிடுங்கினார்கள்.

சாலையோர வியாபாரிகளுக்கென்று 2014-ல் ஒரு சட்டம் வந்தது. கணக்கெடுப்பு முடிக்காமல் யாரையும் அகற்றக் கூடாது என்கிறது அது. சட்டம் கையில் இருந்தும் அந்தப் பெண்களை முதலில் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் மூன்றையும் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தால் ஜனநாயகத்தின் நோக்கமே கெட்டுப்போகும் என்று 1949 நவம்பரில் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தார். நெரிசலில்லாமல் போகும் சுதந்திரம் ஒருவருக்கு, அதற்கான விலை இன்னொருவருக்கு என்றால் அங்கே சமத்துவமும் இல்லை, சகோதரத்துவமும் இல்லை. எளியவரைக் கேட்டுவிட்டு முடிவெடுப்பதுதான் அரசுக்குரிய அறம்.

குப்பம் விட்டுக்கொடுக்கவில்லை. சில நாட்களில் நீதிமன்றம் தளர்ந்து, போக்குவரத்தை ஒழுங்குபடுத்தி வியாபாரம் நடக்க இடைக்கால வழி விட்டது. 2024 ஆகஸ்டில் லூப் ரோட்டிலேயே, ஏறக்குறைய 15 கோடி ரூபாய் செலவில், 366 கடைகளோடு மீன் அங்காடி திறக்கப்பட்டது. கூரையும் தண்ணீரும் கழிவுநீர் வடிகாலும் அவர்களுக்கு எப்போதோ கிடைத்திருக்க வேண்டியவை. போராடாமல் இருந்திருந்தால் இவை இத்தனை பக்கத்தில் கிடைத்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

இப்போது மெரினா கலங்கரை விளக்கத்திலிருந்து நீலாங்கரைப் பக்கம் வரை கடல்மேல் பாலம் போடும் பேச்சு நடக்கிறது. படகு போகும் வழியும் வலை விரிக்கும் இடமும் அதில் மாட்டும். வரைபடம் போடும் முதல் கூட்டத்துக்கே குப்பத்துப் பெண்களைக் கூப்பிட வேண்டும். பொக்லைன் வந்த பிறகு பேச உட்கார்வது 2023-லேயே முடிந்துபோன பழக்கமாக இருக்கட்டும்.