மாநிலம் மாறும் பகுதிநேரப் படைவீரர்: இடமாற்றம் தானாக நடப்பதில்லை

அமெரிக்காவின் தேசியக் காவற்படையில், அதாவது நாஷனல் கார்டில், மகனோ மகளோ பகுதிநேரமாகப் பணியாற்றும் குடும்பங்கள் எம்மிடையே உள்ளன. படிப்பு முடிந்து வேலை கிடைத்ததும் பிள்ளை நியூஜேர்சியிலிருந்து ரெக்சாஸுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீடு மாறுகிறது, வேலை மாறுகிறது, சாரதி அனுமதிப்பத்திரமும் மாறுகிறது. படைப்பணி மட்டும் மாறுவதில்லை. அதைத் தனியாகக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும். கேட்காமல் விட்டால் என்ன நேரும் என்பதை, குறிப்பாகக் கிறீன் கார்ட்டுடன் பணியாற்றும் பிள்ளைகளின் பெற்றோர், அறிந்திருப்பது நல்லது.

ஏன் தானாக மாறுவதில்லை?

தேசியக் காவற்படை ஒரே படையாகத் தெரிந்தாலும், 50 மாநிலங்களுக்கும் தலைநகர் வாஷிங்டனுக்கும் புவேர்ட்டோ றிக்கோ, குவாம், வேர்ஜின் தீவுகள் ஆகியவற்றுக்கும் தனித்தனியாக மொத்தம் 54 காவற்படைகள் உள்ளன. சாதாரண நாட்களில் மாநிலப் படை ஆளுநரின் கீழ் இயங்குகிறது. சேரும்போது வீரர் நாட்டின் அரசியலமைப்புக்கும் தமது மாநிலத்தின் அரசியலமைப்புக்கும் சேர்த்தே உறுதிமொழி எடுக்கிறார். ஆகவே மாநிலம் மாறுவது ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குப் போவது போன்றதல்ல. ஒரு மாநிலம் விடுவிக்கவும் மற்றொரு மாநிலம் ஏற்கவும் வேண்டும்.

நடைமுறை என்ன?

இதற்கு இன்டர்ஸ்டேட் ட்ரான்ஸ்ஃபர் என்று பெயர். வீரர் முதலில் தமது படைப்பிரிவின் முழுநேர அலுவலரிடமும் தளபதியிடமும் சொல்ல வேண்டும். அங்கிருந்து விடயம் மாநில மட்டத்தில் இடமாற்றங்களைக் கவனிக்கும் இணைப்பாளரிடம் போகும். அவர் புதிய மாநிலத்தின் இணைப்பாளரோடு தொடர்புகொள்வார். வீரரின் தரத்துக்கும் அவர் பயின்ற தொழிலுக்கும் பொருந்தும் வெற்றிடம் அங்கே தேடப்படும். அப்படி ஒன்று இல்லாவிட்டால் வேறு தொழிலுக்கு மீண்டும் பயிற்சி பெற நேரலாம்.

இதற்குக் காலம் எடுக்கும். அதுவரை அவர் பழைய பிரிவின் வீரரே. மாதம் ஒரு வார இறுதியும் ஆண்டில் இரண்டு வாரமும் என்ற கடமை அப்படியே நிற்கும். வர முடியாத நாட்களுக்குத் தளபதியின் அனுமதியை எழுத்தில் பெற வேண்டும். புதிய ஊருக்கு அருகிலுள்ள பிரிவில் தற்காலிகமாகப் பயிற்சி செய்ய அனுமதி கேட்கவும் முடியும். பழைய பிரிவுக்கே போய்வருவதானால், வீட்டிலிருந்து 100 மைலுக்கு மேற்பட்ட பயணத்தின் செலவை வருமான வரிப் பத்திரத்தில் கழிக்க இடமுண்டு.

வராமல் விட்டால்

ஒரு பயிற்சி வார இறுதி வழக்கமாக 4 அமர்வுகளாகக் கணக்கிடப்படும். இராணுவக் காவற்படையில் ஓராண்டுக்குள் அனுமதியின்றி 9 அமர்வுகள் தவறினால், வீரர் திருப்தியற்ற பங்கேற்பாளர் என வகைப்படுத்தப்படலாம். இரண்டு வார இறுதிகளில் 8 அமர்வுகள் போய்விடும். மூன்றாவதின் முதல் அமர்வோடு எல்லை வந்துவிடும். 'ஊரை விட்டு வந்தாயிற்று, இனி அவர்களே விட்டுவிடுவார்கள்' என்று இருப்பவர் மூன்று மாதத்திலேயே அந்த நிலைக்கு வரக்கூடும். அதன் தொடர்ச்சியாகப் பணியிலிருந்து விலக்கப்பட்டால், மதிப்புக் குறைந்த நிலையில் விலக்கப்பட்டவர் என்று பதிவாகும் ஆபத்தும் உண்டு.

கிறீன் கார்ட் உள்ளவர்கள்

படைப்பணி மூலம் குடியுரிமை கேட்பவர் விண்ணப்பக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. ஆனால் மதிப்புடன் பணியாற்றுவதாகப் படையின் பக்கம் சான்றளிக்கும் என்-426 படிவம் தேவை. இடம் மாறும் எண்ணம் இருந்தால், தம்மை அறிந்த பழைய பிரிவிடமே அதை முடித்துக்கொள்வது சுலபம்.

இவ்வழியில் பெற்ற குடியுரிமைக்கு ஒரு நிபந்தனையும் உண்டு. மொத்தம் 5 ஆண்டுகள் மதிப்புடன் பணியாற்றி முடிக்குமுன், மதிப்புக்குரியதல்லாத நிலையில் விலக்கப்பட்டால், அந்தக் குடியுரிமையை இரத்துச் செய்யச் சட்டம் இடமளிக்கிறது. நாடிழந்து வந்த குடும்பங்களுக்கு இதன் பாரத்தை நாம் விளக்கத் தேவையில்லை.

இன்னொன்று: குடியுரிமை பெறாதவர் முகவரி மாறிய 10 நாட்களுக்குள் குடிவரவுத் திணைக்களத்துக்கு ஏ.ஆர்-11 படிவம் மூலம் அறிவிக்க வேண்டும். படைக்குச் சொன்னது இதற்கு ஈடாகாது.

கூட வருவதும் வராததும்

கூட்டாட்சி அரசு தரும் சலுகைகள் பணி தொடரும்வரை கூடவே வரும். பகுதிநேர வீரருக்கான ட்ரைகேர் மருத்துவக் காப்புறுதி, 5 இலட்சம் டொலர் வரையான ஆயுட்காப்புறுதி, ஜி.ஐ. பில் கல்வி உதவி ஆகியவை இவ்வகை. மாநிலம் தருவது அந்த மாநிலத்தோடு நின்றுவிடும். நியூஜேர்சி தன் காவற்படையினருக்கு அரச கல்லூரிகளில் கட்டணமின்றிப் படிக்க வழி செய்கிறது. அந்த உரிமை ரெக்சாஸில் செல்லாது. எனவே படிப்பு நடுவில் இருப்பவர் முதலில் புதிய மாநிலத்தின் திட்டத்தைக் கேட்டறிய வேண்டும். சேரும்போது ஊக்கத்தொகை பெற்றவர், தொழில் மாறினால் அதைத் திருப்பிச் செலுத்த நேருமா என்பதை எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

புதிய வேலைத்தலத்தில் பயிற்சிக்கு விடுப்புக் கேட்கத் தயங்க வேண்டாம். 1994ஆம் ஆண்டின் யூசெர்ரா சட்டம், நேற்றுச் சேர்ந்தவருக்கும் அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. முன்கூட்டியே அறிவிப்பது அவர் கடமை.

வேறு வழி

பொருத்தமான வெற்றிடம் இல்லையென்றால் இராணுவ றிசேர்வுக்கு மாறக் கேட்கலாம். அது முழுவதும் கூட்டாட்சிப் படை என்பதால் மாநில எல்லை அங்கே தடையல்ல. அதற்கும் பழைய மாநிலத்தின் நிபந்தனை விடுவிப்பு, டி.டி-368 படிவத்தில், வேண்டும்.

பெற்றோருக்கு

எங்கள் வீடுகளில் இராணுவம் என்ற சொல்லே பலருக்கு நெஞ்சை அடைப்பது. பிள்ளை இதைப்பற்றி வீட்டில் பேசாததும், நாம் கேட்காததும் அதனால்தான். ஆயினும் படைப்பிரிவின் கடிதங்கள் பெரும்பாலும் பழைய முகவரிக்கே, அதாவது எங்கள் வீட்டுக்கே, வரும். அவற்றை மேசை இழுப்பறையில் போட்டு வைக்காமல், வந்த அன்றே படம் பிடித்துப் பிள்ளைக்கு அனுப்பிவிடுங்கள். வீடு மாறுமுன் 'இடமாற்றத்துக்கு எழுதிக் கொடுத்தாயா?' என்று ஒருமுறை கேளுங்கள்.