நாயின் சொறியும் மனிதரின் அரிப்பும்: சிகிச்சை யாருக்கு?

வளர்ப்பு நாயிடமிருந்து தொற்றிய அரிப்புக்கு மனிதத் தோலில் மட்டும் மருந்து பூசிப் பயனில்லை. ஊரில் பரவும் சிரங்குக்கு நாய்களைப் பழிப்பதற்கும் போதிய ஆதாரம் இல்லை. இரண்டும் ஒரே உயிரியல் உண்மையிலிருந்து கிளைக்கும் முடிவுகள். சொறியுண்ணி எந்த உடலில் தலைமுறை தலைமுறையாகப் பெருகுகிறதோ, அந்த உடலில்தான் நோயை ஒழிக்க முடியும்.

சிரங்கை உண்டாக்கும் சார்காப்டிஸ் ஸ்கேபியை அரை மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத எட்டுக்கால் உயிரி. பெண் உண்ணி மேல்தோலைக் குடைந்து முட்டையிடும். முட்டை முதிர் உண்ணியாக ஏறத்தாழ இரண்டு மூன்று வாரம் ஆகும். மனிதரிடம் வாழும் வகையையும் நாயிடம் வாழும் வகையையும் நுண்ணோக்கியில் பிரித்தறிவது மிகக் கடினம். நடத்தையில்தான் வேறுபாடு. நாயுண்ணிகளைத் தன்னார்வலர் தோலில் விட்டுப் பார்த்த 1983ஆம் ஆண்டு ஆய்வில் அவை அங்கும் தோலைக் குடைந்தன, முட்டையும் இட்டன. ஆயினும் மனித உடலில் அந்த வம்சம் பொதுவாக நிலைப்பதில்லை. நாயுடனான தொடர்பு அறுந்தால் சில வாரங்களில் அரிப்பு தானே அடங்கிவிடும்.

இந்த வேறுபாடு நோயாளியின் உடலிலேயே தெரியும். மனிதச் சிரங்கு முதன்முறை தொற்றும்போது அரிப்பு தோன்ற நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். விரலிடுக்கும் மணிக்கட்டும் அதன் வழக்கமான இடங்கள். நாயிடமிருந்து வந்தால் ஓரிரு நாளிலேயே தடிப்பு கிளம்பலாம்; நாயைத் தூக்கி அணைக்கும் முன்கை, மார்பு, வயிறு, மடியில் கிடத்தும் தொடை ஆகிய இடங்களில் அது அதிகம். குடைவுத் தடங்கள் பெரும்பாலும் தென்படா. தோலைச் சுரண்டிப் பார்த்தாலும் உண்ணி அரிதாகவே சிக்கும். சொறி பிடித்த நாயிடமிருந்து எடுத்த சுரண்டலிலேயே பலமுறை அது அகப்படுவதில்லை. ஆகவே, "வீட்டில் நாய் இருக்கிறதா, அது சொறிந்துகொண்டே இருக்கிறதா?" என்ற கேள்வியை ஆய்வகச் சோதனைக்கு நிகராக மதிக்க வேண்டும் என்பேன். நாயின் காது மடல் ஓரத்தைத் தேய்த்தவுடன் அது பின்னங்காலால் சொறிய முற்பட்டால் ஐயம் வலுக்கிறது.

இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முடி உதிர்ந்த நாயெல்லாம் தொற்றைத் தருவதில்லை. டெமோடெக்ஸ் உண்ணியால் வரும் சொறி நாயிடமிருந்து மனிதருக்குப் பரவாது. மறுபுறம், பூனை, நாய், முயல்களின் தோலின் மேற்பரப்பில் ஊரும் செய்லெட்டியெல்லா என்னும் உண்ணி, விலங்கிடம் எந்த அறிகுறியும் காட்டாமலே வீட்டாரை அரிக்க வைக்கும். பூனை நலமாக இருக்கிறதே என்று அதை விட்டுவிடக் கூடாது. மெல்லிய சீப்பால் கருந்தாளின் மேல் வாரி, உதிரும் பொடுகு நகர்கிறதா என்று கவனிக்கலாம்.

இனி இரண்டாம் முடிவு. வட ஆஸ்திரேலியப் பழங்குடிக் குடியிருப்புகளில் சிரங்கு மிகுதி. நாய்களிடமும் சொறி உண்டு. ஒன்று மற்றொன்றின் காரணம் என்று எண்ணுவது இயல்பே. 1999இல் ஷெல்லி வால்டன் குழுவினர் வெளியிட்ட மரபணு ஆய்வு அந்த எண்ணத்தை அசைத்தது. ஒரே குடியிருப்பில் வாழ்ந்த நாயின் உண்ணியும் மனிதரின் உண்ணியும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இல்லை. தொலைதூர நாடானாலும் நாயுண்ணி நாயுண்ணியோடும் மனிதவுண்ணி மனிதவுண்ணியோடும் சேர்ந்தன. பிற்கால ஆய்வுகள் சில இந்த எல்லை அவ்வளவு திட்டவட்டமானதல்ல என்கின்றன. அதனால் வால்டன் குழுவின் முடிவு வலுவிழப்பதாக நான் கருதவில்லை. சிரங்கு மலிந்த சமூகத்தில் நாய்களை ஒழிப்பதற்குச் செலவிடும் பணம், குடும்பம் முழுவதற்கும் ஒரே நேரத்தில் பெர்மெத்ரினோ ஐவர்மெக்டினோ கொடுப்பதற்குப் போக வேண்டிய பணம்.

நாயுண்ணி அரிப்பு தானே அடங்குமென்றால் கவலை எதற்கு என்று கேட்கலாம். நாய் குணமாகாதவரை உண்ணிகள் நாள்தோறும் புதிதாக ஏறிக்கொண்டிருக்கும். அரிப்பு தாளாதவர் மருந்துக்கடையில் ஸ்டீராய்டு களிம்பை வாங்கித் தடவுகிறார். தடிப்பு உருமாறிப்போகிறது, அடுத்து பார்க்கும் மருத்துவருக்கு நோயறிவதும் கடினமாகிறது. எனவே இத்தகைய நோயாளியைத் தோல் மருத்துவர் எழுத்து மூலம் கால்நடை மருத்துவரிடம் அனுப்பும் வழக்கம் வேண்டும். அங்கே வீட்டிலுள்ள எல்லா நாய்களுக்கும் சேர்த்தே சிகிச்சை தொடங்க வேண்டும். கோலி இன நாய்களுக்கு ஐவர்மெக்டின் நஞ்சாகலாம் என்பதால் மருந்தை வீட்டாரே தேர்ந்தெடுப்பதும் ஆகாது.