வித்துவான் பெருமை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தஞ்சை ஜில்லாவில் ஒருவரைத் தமிழ் வித்துவான் என்று உலகம் மதிக்க வேண்டுமானால், அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை முதலிய பிரபந்தங்களுள் எத்தனையைப் பாடங்கேட்டிருக்கிறார், எத்தனையை நெட்டுருவாகச் சொல்லுவார், சபையிலே எவ்வளவு விரைவாகச் செய்யுள் இயற்றுவார் என்பவற்றையே பார்ப்பார்கள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் 1871 முதல் பாடங்கேட்ட உ. வே. சாமிநாதையரும் இந்த மரபிலே வளர்ந்தவர். 1880-இல் கும்பகோணம் காலேஜில் தமிழ்ப் பண்டிதரானபோது, அம்மரபு தரத்தக்க கௌரவம் பெரும்பாலும் அவருக்குக் கிடைத்துவிட்டது.

அந்த வருஷமே அவ்வூரில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார், ஐயர் படித்த நூல்களின் நீண்ட ஜாபிதாவைக் கேட்டும் திருப்தியடையாமல், சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். அதன் ஏட்டைக்கூட ஐயர் கண்டதில்லை. முதலியார் கொடுத்த பிரதியைப் பிரித்தபோது, அதுவரை கற்ற கல்வி அங்கே போதவில்லை. ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. கொம்பிலே குறில் நெடில் வேறுபாடு இல்லாமையால் 'கொடு' என்பதும் 'கோடு' என்பதும் ஒரே வடிவமாக நிற்கும். செய்யுள் முடிந்து உரை தொடங்குமிடமும் எளிதில் புலப்படாது. உரையாசிரியராகிய நச்சினார்க்கினியரோ மேற்கோள்களைப் பெரும்பாலும் நூற்பெயர் சொல்லாமலே காட்டிச் செல்லுவார். சிந்தாமணியைப் பாராயணம் செய்து பொருள் கேட்கும் வழக்கமுடைய ஜைனர்கள் அவ்வூரிலேயே இருப்பதை அறிந்து, காலேஜ் பண்டிதர் அவர்கள் வீடு தேடிச் சென்று சந்தேகம் கேட்கும் மாணாக்கரானார்.

1887-இல் சிந்தாமணியும், 1889-இல் பத்துப்பாட்டும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும் ஐயர் பதிப்பாக அச்சேறின. இடையிலே ஊரூராக ஏடு தேடி அலைந்தவர், கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலிலே பழஞ்சுவடிகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டார்கள் என்று கேட்டுத் துடித்ததை 'என் சரித்திர'த்தில் எழுதியிருக்கிறார்.

இந்தத் தொழில் அவருடைய பாண்டித்தியத்தின் போக்கையே மாற்றிற்று. சபையில் பிரகாசிக்க விரும்பும் வித்துவான் தம் சந்தேகத்தை மறைத்துக்கொள்ளுவார். ஐயரோ தாம் கொண்ட பாடத்தின் அடியிலே பிரதிபேதங்களையும் அச்சிட்டு, மேற்கோள்கள் வந்த நூல்களையும் விளங்கியவரையில் குறித்து, அரும்பதங்களுக்கு அகராதியும் சேர்த்தார். பதிப்பாசிரியரின் முடிவைப் படிப்பவர் எவரும் சோதித்துப் பார்க்க இவை இடங்கொடுத்தன. நெட்டுருவினால் கீர்த்தி பெற்ற ஒரு பரம்பரையிலே தோன்றியவர், நெட்டுருவின் துணையில்லாதவரும் பழந்தமிழ் நூல்களுக்குள் புகுவதற்கு வழி செய்தார். 1906-இல் அரசாங்கத்தார் மகாமகோபாத்தியாயப் பட்டம் அளித்தனர். அடுத்த வருஷமே சிந்தாமணியைத் திருத்தி இரண்டாம் முறை பதிப்பித்தார் என்பதிலிருந்து, பட்டத்தோடு நின்றுவிடும் பெருமையாக அவர் வெற்றியைக் கருதவில்லை என்பது விளங்கும்.