விலாசம் மாற்றி எழுதியவர்கள்

திருச்சானூரில் முப்பத்தோரு வருஷம் தபால் கொடுத்தேன். இந்த ஊருக்குப் பெயர்கள் கூடுதல். சென்னைப் பக்கத்துப் பெரியவர்கள் அலமேலுமங்காபுரம் என்று எழுதுவார்கள். அதைச் சுருக்கி வெறும் மங்காபுரம் என்று யாராவது எழுதிவிட்டால், கடிதம் மேற்கே சீனிவாசமங்காபுரத்துக்குப் போய்விடும். அங்கே ஒருவர் விலாசத்தை அடித்து, சரியான ஊரை எழுதி, 'ரீடைரக்ட்' போட்டு அனுப்புவார். சுக முனிவர் பெயரால் திருச்சுகனூர் என்று இருந்ததுதான் திருச்சானூர் ஆனது என்று கோயில்காரர்கள் சொல்வார்கள். திருமலைமேல் இருக்கிற பெருமாளுக்கு அடிவாரத்தில் ஒரு பிரதிநிதி வேண்டும் என்று பல்லவர் காலத்திலேயே இங்கே திருவிளங்கோயில் என்று ஒன்று இருந்தது. தந்திவர்மன் காலத்தில் அதில் விளக்கெரிக்கப் பொன் கொடுத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. அப்போது மலை காடு. எல்லோராலும் ஏற முடியாது. ஏற முடியாதவருக்காகச் சாமியே ஒரு விலாசம் கீழே வைத்துக்கொண்டார் என்று எனக்குத் தோன்றும்.

தபால்காரனிடம் ஜனங்கள் வழி மட்டும் கேட்பதில்லை. "எல்லா மடத்துக்கும் போய் வர்றீங்களே, இதுல நம்பக்கூடிய சாமி யாருங்க?" என்றும் கேட்பார்கள். யாருக்கு எவ்வளவு மணியார்டர் வருகிறது என்பது எனக்குத் தெரியும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்பதும் தெரியும்.

என் பாட்டிக்கு இந்தக் கேள்வியே வந்ததில்லை. அவள் திருத்தணிப் பக்கத்துப் பெண். அது 1960 வரை சித்தூர் ஜில்லாவில் இருந்தது. இரண்டு தோளிலும் சங்கும் சக்கரமும் சுட்டுப் பொறித்த தழும்பு அவளுக்கு உண்டு. வீட்டு ஆச்சாரியர் வருஷத்துக்கு ஒருமுறை வருவார். தாத்தாவின் தாத்தாவுக்கு முத்திரை போட்டவரின் வம்சம். இராமானுசர் எழுபத்துநான்கு பேரைச் சிம்மாசனாதிபதிகளாக நியமித்தார் என்பார்கள். பிறகு அது வழிவழியாக வந்தது. மாப்பிள்ளை பார்ப்பதைப் போலக்கூட ஆச்சாரியரைப் பார்க்க வேண்டியதில்லை. வீட்டோடு அவரும் வந்துவிடுவார். ஏமாற வழியில்லை, தேடவும் வழியில்லை. பாட்டி தன் ஆச்சாரியரிடம் ஒரு கேள்வியாவது கேட்டிருப்பாளா என்று நான் யோசித்ததுண்டு. கேட்டிருக்க மாட்டாள். அவர் கிளம்பும்போது மூட்டையில் பச்சரிசியும் வெல்லமும் கட்டிக் கொடுத்ததுதான் எனக்கு ஞாபகம்.

ஆனால் அந்த இராமானுசரே தன் குருவை இப்படி அடையவில்லை. பாட்டி பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேட்டுக் கேட்டு எனக்குச் சொன்ன கதைகள் ஆறாயிரப்படி குருபரம்பரையில் இருப்பவை என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். பக்தர்கள் எழுதிய சரித்திரம் அது. நான் அதை அப்படித்தான் படிக்கிறேன்.

முதல் குரு யாதவப்பிரகாசர். காஞ்சிபுரத்துக்குப் பக்கம் திருப்புட்குழியில் பாடம். பெரிய படிப்பாளி. ஓர் உபநிடத வரிக்கு அவர் சொன்ன பொருள் பிடிக்காமல் மாணவர் அழுதார். வேறு பொருள் சொன்னார். குருவுக்கு அது பொறுக்கவில்லை. காசி யாத்திரை என்று அழைத்துப் போய் வழியில் முடித்துவிடத் திட்டம். சித்தி மகன் கோவிந்தன் விந்தியக் காட்டில் இரகசியமாகச் சொன்னதால் பிழைத்தார். இதில் என்னை உறுத்துவது வேறு. தப்பி வந்த இராமானுசர் அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் அதே யாதவரிடம் பாடம் கேட்டார் என்கிறார்கள். கொல்லப் பார்த்த குருவிடமிருந்து எழுந்து வருவதற்கே அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது, அதுவும் அவருக்கு.

அதற்குப் பிறகு நடந்ததுதான் தபால்காரனுக்குப் பிடித்த பகுதி. திருக்கச்சி நம்பியிடம் போனார். காஞ்சி வரதனுக்கு ஆலவட்டம் வீசியவர், வைசிய குலம். என்னைச் சீடனாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டால், சாதியைச் சொல்லி மறுத்துவிட்டார். ஆனால் வரதனிடம் கேட்டு வந்து, பெரிய நம்பியிடம் போ என்று வழி காட்டினார். மதுராந்தகத்தில் பெரிய நம்பி முத்திரையும் மந்திரமும் கொடுத்தார். மந்திரத்தின் உட்பொருளுக்குத் திருக்கோட்டியூர் நம்பியிடம் அனுப்பினார். திருவரங்கத்திலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். பதினெட்டு நடை. கோபுரமேறி மந்திரத்தை ஊருக்கே சொன்ன கதை எல்லோருக்கும் தெரியும், விடுகிறேன். திருக்கோட்டியூரார் திருமாலையாண்டானிடம் திருவாய்மொழி கேட்கச் சொன்னார். பிறகு திருவரங்கப்பெருமாள் அரையர். அவருக்கு ஆறு மாதம் பால் காய்ச்சியும் மஞ்சள் காப்பு அரைத்தும் கொடுத்த பிறகுதான் வாயைத் திறந்தார். கடைசியில் இராமாயணத்துக்குப் பெரிய திருமலை நம்பி, எங்கள் மலையில்.

பெரிய நம்பி முதல் இந்த ஐந்து பேரும் ஆளவந்தாரின் சீடர்கள். இராமானுசர் சந்திக்க வருமுன் ஆளவந்தார் காலமாகிவிட்டார். ஒருவரிடமும் முழுச்சரக்கு இல்லை. ஒருவரும் இருப்பதாகச் சொல்லவும் இல்லை. தன்னிடம் இல்லாததற்கு அடுத்த விலாசத்தை எழுதிக் கையில் கொடுத்தார்கள்.

ஆண்டான் கதையில் ஒரு சிக்கல் உண்டு. பாசுரத்துக்கு இராமானுசர் வேறு பொருள் சொன்னார். விசுவாமித்திர சிருஷ்டி என்று சொல்லி ஆண்டான் பாடத்தை நிறுத்திவிட்டார். திருக்கோட்டியூரார் வந்து, ஆளவந்தாரே இந்தப் பொருளைச் சொல்லக் கேட்டிருக்கிறேன் என்று சாட்சி சொன்னார். ஆண்டான் மறுபடி பாடத்துக்கு உட்கார்ந்தார். கோபம் வந்ததைவிட, திரும்ப வந்து உட்கார்ந்தாரே, அதுதான் பெரிதாகத் தெரிகிறது எனக்கு.

திருமலை நம்பிக்கு மலையில் தண்ணீர் சுமப்பது வேலை. அவரைத் 'தாதா' என்று பெருமாளே கூப்பிட்டதாகக் கதை. தண்ணீரமுது உற்சவம் இன்றும் நடக்கிறது. இராமானுசர் மலையேறி வந்தபோது கிழவர் தானே எதிர்கொண்டு வந்தாராம். ஒரு சிறியவரை அனுப்பியிருக்கலாமே என்று கேட்டதற்கு, நாலு வீதியிலும் தேடினேன், என்னைவிடச் சிறியவர் கிடைக்கவில்லை என்றாராம். பிறகு ஒரு வருஷம் இராமாயணப் பாடம். மலைமேல் இல்லை, கீழே. அலிபிரியில் நடந்தது என்கிறார்கள். பாடத்தில் நேரம் போய் உச்சிப் பூசைக்கு மலைமேல் இருக்க முடியாமல் போயிற்று என்று நம்பி வருந்த, மறுநாள் அங்கே பெருமாளின் பாதச் சுவடு இருந்ததாம். பாதால மண்டபத்தில் இன்றும் ஜனங்கள் உலோகப் பாதுகைகளைத் தலையில் வைத்துக்கொண்டு சுற்றுகிறார்கள். பாதத்தைச் சுமப்பவர்களில் எத்தனை பேருக்கு அங்கே ஒரு வகுப்பு நடந்தது தெரியும்? வயதான வாத்தியார் மலையிறங்கி வந்து நடத்திய வகுப்பு!

பாடம் முடிந்ததும் இராமானுசர் கோவிந்தனைக் கேட்டார், அதே சித்தி மகனை. காளத்தியில் சிவத்தொண்டில் இருந்தவரை நம்பிதான் அழைத்து வந்திருந்தார். (இதைக் காளத்திக்காரர்கள் வேறு மாதிரி சொல்லலாம்; சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு.) நம்பி கொடுத்துவிட்டார். கோவிந்தனோ குருவைப் பிரிந்த ஏக்கத்தில் வாடிப்போனார். பார்த்து வா என்று திருப்பி அனுப்பினால் நம்பி முகங்கொடுக்கவில்லை: விற்ற மாட்டுக்கு யாராவது புல் போடுவார்களா என்றாராம். பாட்டி இந்த இடத்தில் அழுவாள். எனக்கு இது இன்னும் முழுசாகச் செரிக்கவில்லை.

என் பீட்டில் ஒரு விதவை அம்மா இருந்தார். மாதம் பிறந்தால் இருநூறு ரூபாய், தூரத்து ஊர்ச் சாமியார் ஒருவருக்கு மணியார்டர். பென்ஷனே அவ்வளவு பெரிசில்லை. ஒரு மாதம், விலாசத்தில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டார். "போனவரு எங்க போறேன்னு ஒரு வரி எழுதி வெச்சிருக்கலாமே தம்பி" என்றார். ஏமாந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவரிடம் நான் சொன்னது யக்ஞமூர்த்தியின் கதை. இராமானுசரோடு பதினெட்டு நாள் வாதம் செய்து தோற்றுச் சீடரானவர். அருளாளப் பெருமாள் எம்பெருமானார் என்று குருவின் பெயரையே பெற்றார். தனி மடமும் கிடைத்தது. மலைக்குப் பூந்தோட்டம் போடப் போன அனந்தாழ்வான் முதலில் இராமானுசரிடம் சீடராக வந்தபோது, அவர் இவரிடம்தான் அனுப்பிவைத்தார். இவர் முத்திரை போட்டுவிட்டு, நான் ஒரு சிட்டுக்குருவி, என் தலையில் பனங்காயை வைத்திருக்கிறார், நீங்கள் இராமானுசரையே நம்புங்கள் என்று சொன்னார். ஒருநாள் வெளியூரார் இரண்டு பேர் வீதியில் எம்பெருமானார் மடம் எது என்று கேட்டார்கள். எந்த எம்பெருமானார் என்று பதில் வந்தது. அதைக் காதில் வாங்கிய யக்ஞமூர்த்தி தன் மடத்தை இடித்துவிட்டு இராமானுசர் மடத்துக்கே போய்விட்டார். ஒரே பெயரில் இரண்டு விலாசம் என்றால் எங்கள் தொழிலில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

பிரம்மோற்சவம் முடிந்த மறுநாள் பாக் சவாரிக்கு அந்த அம்மாவை ஒருமுறை அழைத்துப் போனேன். பெருமாள் அனந்தாழ்வான் தோட்டத்துக்கு அப்பிரதட்சிணமாகப் போகிற நாள்.

"எதுக்கு தம்பி எதிர்ப்பக்கமா போறாரு?"

பூத் திருட வந்த ஜோடியில் பெண்ணை அனந்தாழ்வான் மரத்தில் கட்டிப்போட்டதையும், ஆண் இப்படி எதிர்த்திசையில் ஓடித் தப்பியதையும், கட்டுண்டவள் நம் ஊர்க் கோயில் தாயார்தான் என்பதையும் சொன்னேன்.

"தாயாரையே கட்டிப்போட்டாரா! அவருக்கு முத்திரை போட்டது யாரு?"

"நான் சொல்லலியாம்மா, அந்தக் குருவி."

அம்மா சிரித்துவிட்டார். பல்லக்கு எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.